கேப்சூல் தூள் கொட்டிய விரல்

நான் காலடிப்பேட்டையில் இருக்கிறேன். நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மாமா விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர். மீன் முள் குத்தினால் ஆன்டிபயாடிக் கேப்சூலைப் பிரித்துத் தூளைக் காயத்தில் கொட்டுவது படகில் எல்லோருக்கும் வழக்கம். போன மாதம் அவர் விரலில் கெளுத்தி முள் ஏறியது. முன்பு எனக்கு வந்த காய்ச்சல் விட்டதும் நான் பாதியில் நிறுத்திய கேப்சூல்கள் வீட்டில் மிச்சமிருந்தன. நானே எடுத்துக் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் கட்டை அவிழ்த்தேன். தூளும் சீழும் மஞ்சள் களியாகக் குழைந்து, அழுகிய இறால் நாற்றம் அடித்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாமே, கிருமி படிக்கிற பொண்ணு மூக்கைப் புடிச்சிக்கினு நிக்கிறே?" என்றார் மாமா.

மருத்துவமனையில் சீழை எடுத்து, அதிலிருந்த கிருமியைத் தட்டில் வளர்த்து, ஒவ்வொரு மருந்தும் தோய்த்த சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைத்தார்கள். இரண்டு நாள் கழித்து ஆய்வக அக்காவிடம் கெஞ்சி அதைப் பார்த்தேன். பலிக்கும் மருந்து என்றால் அதன் வில்லையைச் சுற்றிக் கிருமி இல்லாமல் வெறுமையாக இருக்கும். நான் கொடுத்த மருந்தின் வில்லையை ஒட்டியே கிருமி சளிபோல் மண்டிக் கிடந்தது.

"இதையே கொட்டிக்கினு இருந்தா விரலே போயிருக்கும்மா" என்றார் அக்கா. வேறு மருந்தில்தான் விரல் பிழைத்தது.

இப்போது எந்த மருந்தையும் சொன்ன நாள்வரை சாப்பிட்டு முடிக்கிறேன். கொடுப்பதற்கு என்னிடம் மிச்சமில்லை. சீழ் என்று யார் வந்தாலும் ஆய்வகத்துக்குக் கூடவே போகிறேன், மூக்கைப் பிடித்துக்கொண்டாவது.