வெரோனிக்கின் கையைப் பிடித்து நீட்டியவர்

போன செவ்வாய்க்கிழமை காலை, ஈப்போவின் குனோங் ராபாட் சாலைச் சந்திப்பில் காருக்குள் காத்திருந்தபோது, பாஸ்டர் தேவராஜின் தங்கை சுங்காயிலிருந்து அழைத்தார். “அண்ணே போயிட்டாருங்க” என்றார். பச்சை விளக்கு விழுந்தும் நான் நகரவில்லை.

உங்களில் பலருக்கு அவர் ருவாண்டாவுக்குப் போய்வந்த பாஸ்டர். இனப்படுகொலை நடந்து சில ஆண்டுகள் கழித்து, அங்குள்ள சபைகள், கொன்றவர்களையும் பறிகொடுத்தவர்களையும் இணைக்க நடத்திய ஒப்புரவுக் கூட்டங்களுக்கு உதவப் போனார். அவர் போன ஊரில், அடைக்கலம் தேடி ஓடிவந்தவர்களை ஆலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றிருந்தார்கள். கொல்ல வந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவர் அந்த ஆலயத்தின் ஊழியர்.

திரும்பி வந்ததும் நம் சபையில் சாட்சி சொன்னார். அதே ஆலயத்தில், ஆராதனை வேளையில், வெரோனிக் என்ற அம்மா தம் இரண்டு பிள்ளைகளைக் கொன்றவனின் கையைப் பிடித்தார். இருவர் கைகளையும் சேர்த்து வைத்தவர் பாஸ்டர்தான். அங்கே சபையே பாடியதாம். இங்கே நாம் அழுதோம். சபைச் செயலாளரான நான், அந்தச் சாட்சியை ஊர் ஊராகச் சொல்ல ஏற்பாடு செய்தேன்.

சிலிம் ரிவர் கூட்டத்துக்குப் போகும் வழியில் காரை ஓரம் கட்டச் சொன்னார். இருபுறமும் செம்பனைத் தோட்டம். சாட்சியின் மீதியை அங்கேதான் கேட்டேன். அந்த ஆராதனைக்குப் பிறகு வெரோனிக் ஆலயப் பக்கமே வரவில்லை. வீடு தேடிப் போன பாஸ்டரிடம் மொழிபெயர்ப்பாளர் மூலம் அந்த அம்மா கேட்டாராம்:

“எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கறப்ப என் கையப் புடிச்சு நீட்டுனீங்க. நான் எப்படி மாட்டேன்னு சொல்றது?”

பாஸ்டர் வாசலில் நின்றே மன்னிப்புக் கேட்டார். கதவு சாத்தப்பட்டது.

இதைச் சொன்னால் விசுவாசிகள் இடறிப்போவார்கள் என்று நான் வாதாடினேன்.

“இத மறைச்சா அது சாட்சி இல்ல லா, சாமுவேல்” என்றார்.

அன்று மாலை முழுவதையும் சொன்னார். யாரும் பாடவில்லை. ஒரு மூப்பர் எழுந்து வெளியே போனார். மறுநாளே மீதிக் கூட்டங்களை நான் ரத்து செய்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திருமணங்களில் மணமக்களின் கைகளை இணைக்கும்போது அவர் ஒரு கணம் நின்று மணப்பெண்ணின் முகத்தைப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். வயதாகிவிட்டது என்று பேசிக்கொண்டோம். திருமணத்துக்கு முதல் நாளே மணப்பெண்ணைத் தனியாக உட்கார வைத்து, “வேணாம்னா இப்பவே சொல்லும்மா, நான் பாத்துக்கிறேன்” என்று அவர் சொல்வது பலருக்குத் தெரியாது.

இரண்டு வாரங்களுக்கு முன் ஈப்போ மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். வெரோனிக் இன்னும் உயிரோடு இருப்பாரா என்று கேட்டார். நாம் வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன்: “கர்த்தர் உங்கள மன்னிச்சிட்டாரு பாஸ்டர்.”

“அவங்க சொல்லலையே” என்றார்.

அப்போதுதான் அந்தக் கூட்டங்களை ரத்து செய்ததற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலை மெல்ல அசைந்தது. சம்மதித்தாரா, அசதியில் சாய்ந்தாரா, தெரியவில்லை. மறுபடி கேட்க எனக்குத் துணிவில்லை. அவரிடமிருந்து என்னோடு தங்கியிருப்பது அந்தத் தெரியாமை ஒன்றுதான்.