கப்பல் சைடுபோர்டும் நாலாவது டிராயரும்

டிராயர் வழுக்கிக்கினு வந்தா, வாங்க வர்றவங்களுக்கு சந்தோஷம். நான் ஒடனே அடியில கைய வுட்டுத் தடவிப் பாப்பேன். கடையில புதுசா சேர்ற பசங்க இதப் பாத்து சிரிக்கிறாங்க. சிரிங்கப்பா, வேணாம்னு சொல்லல. மொத நடந்ததக் கேட்டுட்டு அப்பால சிரிங்க.

என் பேரு தேவராஜ். வூடு கொருக்குப்பேட்டை. ராயபுரத்துல ஒரு பழைய பர்னிச்சர் கடையில முப்பது வருஷத்துக்கு மேல ரிப்பேரும் பாலிஷும் பாக்கறேன். முதலாளி தூத்துக்குடிப் பக்கம், அண்ணாச்சின்னு கூப்பிடுவோம்.

கண்ண மூடிக்கினு பொருள் பாத்தவங்க

போன வருஷம் ஸ்டெல்லான்னு ஒரு மேடம் வந்தாங்க. திருவொத்தியூர்ல வூடு, ஸ்கூல் ஆபீஸ்ல வேலை. சாப்பாட்டு ரூமுக்கு ஒரு சைடுபோர்டு வேணும்னாங்க. சைடுபோர்டுன்னா செவுத்தோரமா நிக்கிற நீட்டு மேஜை. மேல பாத்திரம் வெச்சுப் பரிமாறலாம், கீழ டிராயரும் கதவும் இருக்கும். இப்ப நெறைய பேரு பஃபேன்னு கேக்கறாங்க. ரெண்டும் ஒண்ணு தான்.

பழசு வாங்க வர்றவங்க மேல தட்டிப் பாத்து, "ஒரிஜினல் பர்மா தேக்கா?"ம்பாங்க. தட்டினா இன்னா தெரியும்? முதுகுப் பலகையப் பாக்கணும். டிராயரக் கழட்டி மூலை ஜாயின்ட்டப் பாக்கணும். அடியில மாவு மாதிரி தூள் கொட்டிக் கெடந்தா பூச்சி கீதுன்னு அர்த்தம், அந்தப் பக்கமே போகக் கூடாது. இதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தத் திமிர் தான் என்னைக் கவுத்துச்சு.

இந்த மேடம் தட்டல. கண்ண மூடிக்கினு, இடுப்பு ஒயரத்துல கைய வெச்சுத் தடவிக்கினே ஒவ்வொரு பொருளையும் சுத்தி வந்தாங்க. ஷோக்கா செதுக்கின ஒண்ணு கீது, மூலை கூரா கீதுன்னு வேணாம்னுட்டாங்க. கண்ணாடிக் கதவு போட்டத திரும்பியே பாக்கல. கடைசியா மூலையில தூசி தின்னுக்கினு கெடந்த ஒரு மொக்கைப் பீஸு கிட்ட நின்னாங்க. கப்பல் ஒடைக்கிற எடத்துலேர்ந்து லாட்டுல வந்த சரக்கு அது. மூலையெல்லாம் உருட்டா இருக்கும், மேல் பலகைக்கு சுத்தி ஒரு விரல் ஒயரத்துக்கு வரப்பு கட்டின மாதிரி பட்டை. "இத்த எடுத்துக்கறேன்"னாங்க. சரியான கிறுக்கு போலன்னு நெனச்சுக்கினேன்.

அண்ணாச்சி கிட்ட பேசிட்டுப் போனாங்க. அவரு எங்கிட்ட வந்து, "தேவராஜு, அந்தம்மா டிராயரு தான் முக்கியம்னு சொல்லிட்டுப் போவுது. நல்லா பாத்து முடிச்சிரும் வே"ன்னாரு. அவ்ளோ தான் சொன்னாரு, நானும் மேல கேக்கல.

நான் பண்ண வேலை

நாலு டிராயர். நாலும் இழுத்தா வரல. கழட்டிப் பாத்தா, ஒவ்வொண்ணுக்கும் அடியில முன்பக்கம் ஒரு சின்னக் கட்டை. மூடினா அந்தக் கட்டை சட்டத்துக்குப் பின்னாடி எறங்கி மாட்டிக்குது. டிராயரத் தூக்கி இழுத்தா தான் வரும். எவனோ அரைகுறை ஆளு ரிப்பேர் பண்ணி நாஸ்தி பண்ணிக்கீறான்னு நெனச்சேன். உளியப் போட்டு நாலு கட்டையையும் எடுத்தேன். இழைப்புளி போட்டு அடிய சமம் பண்ணேன். போதாததுக்கு மெழுகுவத்தி வேற தேச்சேன். ஒத்த விரலால இழுத்தா வெண்ணெய் மாதிரி வந்துச்சு. எனக்கே என் கைக்கு முத்தம் கொடுக்கலாம் போல இருந்துச்சு.

டெலிவரிக்கு முந்தின நாளு மத்தியானம் மேடம் எனக்கு போன் பண்ணாங்க.

"அண்ணா, பாலிஷ் வாசன போயிடுச்சா? எங்க நைனா அந்த சாப்பாட்டு ரூம்ல தான் படுப்பாரு."

"போயிடுச்சு மேடம்."

"அவருக்குக் கண்ணு சுத்தமா தெரியாதுண்ணா. செவுத்தத் தடவிக்கினு தான் நடப்பாரு. எங்க ரோட்டுல கன்டெய்னர் லாரி போனா வூடே அதிரும். பழைய அலமாரி டிராயரு அந்த அதிர்வுல தானா வெளிய வந்து நின்னுக்கினு இருந்துச்சு. அதுல இடிச்சு வுழுந்து இடுப்பு ஒடிஞ்சு ஆறு மாசம் படுக்கையில கெடந்தாரு. இன்னொரு வாட்டி வுழுந்தா எழுந்துக்க மாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இந்த டிராயர் தூக்கி இழுத்தா தான வரும்? கடையில நானே இழுத்துப் பாத்தனே. அதுக்கோசரம் தான் இத்த எடுத்தேன்."

மெர்சலாயிட்டேன்.  "ஆமா மேடம்"னு மட்டும் சொல்லி வெச்சுட்டேன். கப்பல் ஆடும்போது டிராயரு ஓடக் கூடாதுன்னு எவனோ யோசிச்சு வெச்ச கட்டை. ரிப்பேர்னு நெனச்சு அத்த நான் சீவிட்டேன்.

அண்ணாச்சி கிட்ட ஓடினேன். ரெண்டு நாள் தள்ளிப் போடச் சொல்லிக் கெஞ்சினேன்.

"டெம்போ சொல்லியாச்சு. நாலு சின்னக் கட்டை தான வே? ஒட்டிப்போடும். அந்தம்மா கிட்ட வாயத் தொறக்காதீரும்."

நானும் தொறக்கல. அவரு மேல பழியப் போட்டுத் தப்பிக்க மாட்டேன். போன் என் கையில தான் இருந்துச்சு.

சாயங்காலத்துக்குள்ள புதுத் தேக்குல நாலு கட்டை அறுத்து, பசை போட்டு, ஸ்க்ரூ முறுக்கினேன். மூணு நல்லா புடிச்சுக்கிச்சு. நாலாவதுல அவசரமா முறுக்கினேன், கட்டையும் டிராயர் அடியும் பொளந்துடுச்சு. வேற கட்டை வெச்சு வெறும் பசையில ஒட்டி கிளாம்ப் போட்டேன். காலையில டெம்போ வந்து ஹாரன் அடிக்கும்போது பசை இன்னும் சரியா காயல.

திருவொத்தியூர் வூட்டுல

டெம்போவுல பின்னாடி சைடுபோர்டப் புடிச்சுக்கினு குந்தினு போனேன். ஒவ்வொரு பள்ளத்துலயும் டிரைவர மெதுவா போகச் சொல்லிக் கத்தினேன். நாலாவது டிராயர் மேலயே கைய வெச்சுக்கினு இருந்தேன்.

எறக்கி செவுத்தோரம் வெச்சோம். மேடத்தோட அப்பா, பெரியவரு, வந்தாரு. சரக்குக் கப்பல்ல பேன்ட்ரியில முப்பது வருஷம் தட்டு கழுவி, மேஜை போட்டவராம். மேல் பட்டையத் தொட்டதுமே மூஞ்சி மாறிப் போச்சு.

"ஏ ஸ்டெல்லா, இது கப்பல் மேஜை!"

மொத டிராயரத் தூக்கி இழுத்தாரு, வந்துச்சு. மூடிட்டு தூக்காம இழுத்துப் பாத்தாரு, நின்னுச்சு. ரெண்டாவதும் அப்படியே. மேடம் கண்ணுல தண்ணி. நான் நாலாவது டிராயரயே பாத்துக்கினு இருந்தேன். மூணாவது பாக்கறதுக்குள்ள மேடம், "நைனா, டீ ஆறுது, குடிச்சுட்டுப் பாரு"ன்னாங்க. அவரு நாற்காலிக்குத் திரும்பிட்டாரு. அப்பாடா, தப்பிச்சேன்னு நெனச்சேன்.

நெனச்ச அதே நேரம் வெளிய லாரி ஒண்ணு போச்சு. அது பின்னாடியே இன்னொண்ணு. ஜன்னல் கண்ணாடி தடதடன்னுது. நாலாவது டிராயர் அடியில டொக்குனு ஒரு சத்தம். மூணாவது லாரி போகும்போது அந்த டிராயரு ஒரு விரல் வெளிய வந்துச்சு. அப்பால நாலு விரல். மெழுகு தேச்சவன் நான் தான?

பெரியவரு டீயக் குடிச்சுட்டு எழுந்தாரு. செவுத்தத் தடவிக்கினு நேரா அந்தப் பக்கம் தான் வராரு.

"நில்லுங்க பெரியவரே! நகராதீங்க!"

அந்த ரூமே அதிர்ற மாதிரி கத்திட்டேன். அவரு அப்படியே நின்னுட்டாரு. "இன்னாபா?"

அப்பால எல்லாத்தையும் சொல்லிட்டேன். சீவினது, மெழுகு தேச்சது, ராத்திரி முழுக்க வெச்சும் காயாத பசையோட ஏத்திக்கினு வந்தது, எல்லாம். மேடம் மூஞ்சி செவந்து போச்சு.

"நேத்து போன்ல இவ்ளோ சொன்னனே, ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உனுக்கு? எங்கப்பா உசுருய்யா அது!"

 பெரியவரு மெதுவா வந்து அந்த டிராயர வெளிய உருவினாரு. அடியத் தடவினாரு. வழவழன்னு இழைச்சிருந்த எடத்துல கட்டை வெரல வெச்சு நிமிண்டிப் பாத்தாரு.

"கடல் தெரியாத தரை ஆளு வேல"ன்னாரு. அவ்ளோ தான். மேடம் திட்டினது கூட எனக்கு அவ்ளோ வலிக்கல.

டிராயர வாங்கிக்கினு வந்தேன். பொளந்த எடத்த வெட்டி எடுத்து புது மரம் சேத்து, கட்டைய மர முளை அடிச்சு நிறுத்தி, மூணு நாள் காய வுட்டு, பையில போட்டு பஸ்ல எடுத்துக்கினு போனேன். பெரியவரு அத்த மாட்டி, தூக்காம இழுத்து, முட்டியால ஒதைச்சுப் பாத்துட்டு, சரின்னாரு. எனக்கு ஒரு டீ கூட குடுத்தாங்க.

பசங்களுக்கு நான் சொல்றது ரெண்டு தான். பழைய பொருள்ல ஒண்ணு ஏடாகூடமா கீதுன்னு தோணுச்சுன்னா, சீவறதுக்கு முன்னாடி அது ஏன் அங்க கீதுன்னு கேளு. வாங்கறவங்க எதுக்கு வாங்கறாங்கன்னும் கேளு. அதையும் மீறி தப்பு பண்ணிட்டியா, டெம்போவுல ஏத்தறதுக்கு முன்னாடி சொல்லிடு.

போன மாசம் கதவுக்கு பாலிஷ் போடணும்னு மேடம் கூப்பிட்டாங்க. பயந்துக்கினே கேட்டேன், "நாலாவது டிராயர் எப்படி கீது மேடம்?"

"அது நல்லா தான் கீதுண்ணா. லாரி போனாலும் நகர்றதில்ல. ஆனா நைனா தெனம் காலையில கட்டில வுட்டு எறங்கினதும், மொத போய் அத்த தள்ளிப் பாத்துட்டுத் தான் பல்லு வெளக்கப் போறாரு."