மயிலத்தில் கேட்ட பூ

பெருமுக்கல் அப்பாதுரையை ஊரில் பட்டாளத்தார் என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைக்காரன் காலத்துச் சண்டையில் பர்மா எல்லைவரை கோவேறு கழுதைகளை ஓட்டிப்போய், உயிரோடு திரும்பிய மனுஷன். கழுதை துரையை உதைத்த கதை, செருப்புக்கு அடியில் வைத்துத் தைக்கிற மாதிரி சப்பாத்தி போட்ட கதை என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். வேறு எதையும் சொல்ல மாட்டார். தீபாவளியன்று மட்டும் மல்லாட்டைக் கொல்லையில் கடலைக்குக் காவல் என்று விடியலிலேயே கிளம்பிவிடுவார். வெடிச் சத்தம் கேட்டால் அவருக்குக் கை நடுங்கும். நல்ல நாளும் அதுவுமாக எந்தத் திருடன் வரப்போகிறான் என்று ஊரில் ஒருத்தரும் கேட்டதில்லை.

அறுபத்திரண்டில் சீனாக்காரன் எல்லையில் இறங்கியதும் திண்டிவனமே கொதித்தது. செங்கல்பட்டைத் தாண்டாதவனெல்லாம் டீக்கடையில் உட்கார்ந்து பீக்கிங்கைப் பிடிக்க வழி சொன்னான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! கடைத்தெருவில் கூட்டம் போட்டு, அப்பாதுரையை மேடையேற்றி மாலை போட்டார்கள். நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். வாயெடுத்தவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பயம்தான், வேறென்ன? சண்டை என்று யாரோ சொன்னதுமே அந்தப் பழைய சேற்று நாற்றம் மூக்கில் ஏறிவிட்டது. ஜனங்களோ மனுஷனுக்கு தேசபக்தி பொங்குகிறது என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலைக் கேட்டுத்தான் அவருடைய மருமகன் நடராசன் முடிவெடுத்தான். அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன், கட்டுமஸ்தான உடம்பு. விழுப்புரத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், திங்கட்கிழமை போகிறேன் என்றான். மாசமாக இருந்த மகள் அம்சவள்ளிக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கப்பா மாதிரியே என் வீட்டுக்காரரும் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அப்பாதுரைக்குச் சோறு இறங்கவில்லை. போகாதே என்று எந்த வாயால் சொல்வது? பட்டாளத்தாரே தடுத்தால் ஊர் காறித் துப்பாதா? யோசித்து யோசித்து, மயிலம் முருகனிடம் பூ கேட்டுவிட்டுப் போகலாம் என்று மருமகனிடம் சொன்னார். கல்யாணமோ கிணறு வெட்டோ, பூ கேட்காமல் அவர்கள் வீட்டில் எதுவும் நடக்காது. இரண்டு இலைப் பொட்டலங்கள். ஒன்றில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. சன்னதியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் குளத்தில் விட்டுவிட வேண்டும்.

பொட்டலம் மடித்தவர் அப்பாதுரை. இரண்டிலும் செவ்வரளியையே வைத்தார். சாமியையே ஏமாற்றுகிறோமே, மகள் வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஆனாலும் மடித்தார்.

மூன்று பேரும் மலையேறினார்கள். தரிசனத்துக்கு வந்த யாருடைய குழந்தையோ எடுத்தது. சிவப்பு. நடராசன் முகம் தொங்கிப்போயிற்று. கும்பிட்டுவிட்டு, சோடா வாங்கி வருவதாக முன்னால் இறங்கிப் போனான். மற்றப் பொட்டலம் அம்சவள்ளி கையில் இருந்தது. மலை இறங்கிக் குளத்தங்கரைக்கு வந்ததும், நூலிழையில் தப்பிப்போன அந்த வெள்ளைப் பூவை ஒரு தரம் பார்த்துவிட அவளுக்கு ஆசை வந்தது. பிரித்தாள்.

"இதுலயும் செவப்புதான் கீது. பட்டாளத்துக்குப் போன நீயே இப்படிப் பண்லாமாப்பா?"

"போனதாலதாம்மா பண்ணேன்."

அவர் படித்துறையில் உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"சேத்துல படுத்துக்கினு இருந்தோம். கண்டமங்கலத்து விருத்தாசலம்னு ஒருத்தன், வயித்துல குண்டு. அம்மா அம்மான்னு கத்தறான். ஜப்பான்காரன் பக்கத்துலயே கீறான். எல்லாரும் செத்துடுவோம்னு அவன் வாய நான்தான் பொத்தினேன். கத்தல் நின்னுச்சி. குண்டுல செத்தானா, என் கையில செத்தானான்னு இன்னி வரைக்கும் தெரியல. அவன் அம்மா இன்னும் உசுரோட கீதாம். கண்டமங்கலம் பஸ்ல நான் ஏறவே மாட்டேன். என்னப் பாத்துக் கேட்டுட்டா இன்னா சொல்றது?"

அம்சவள்ளி அப்பாவின் கைகளைப் பார்த்தாள். அவை அப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தன. மேடையில் மாலை விழுந்த அன்றும் இவை இப்படித்தான் நடுங்கியிருக்கும் என்று இப்போதுதான் அவளுக்குப் பட்டது.

நடராசன் சோடா பாட்டில்களோடு வந்தான். பிரிந்த இலையைப் பார்த்துவிட்டு, அதை ஏன் பிரித்தாய் என்று கேட்டான். அம்சவள்ளி அரளியைக் கைக்குள் கசக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியாம பிரிச்சிட்டேங்க. வெள்ளதான் இருந்துச்சி. தண்ணியில வுட்டுட்டேன்."

சொல்லிவிட்டு, மலைப்பக்கம் நிமிர்ந்து பார்க்கப் பயந்து, மறு கையால் புருஷன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.