மாப்பிள்ளை ஜெயிலுக்குப் போனவர்

கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் கடல் தொழில் செய்கிறேன். சுனாமிக்கு முந்திய வருஷம், என் மூத்த மகளுக்குப் பேசிய பையன் ஜெயிலில் இருந்தவன் என்று காதில் விழுந்தது. மறுவாரம் நிச்சயதார்த்தம். வேண்டாம் என்று சொல்லி அனுப்ப இருந்தேன். ஆனாலும் அவன் என்னதான் செய்தான் என்று தெரிந்துகொள்ளத் தோன்றியது. அவன் குப்பத்துக்கே போனேன்.

பையன் கரையில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

“ஜெயிலுக்குப் போனியாமே, இன்னா பண்ண?”

“போனேன் மாமா. ஒண்ணும் பண்ல.”

பக்கத்தில் கருவாடு காயவைத்த அம்மாள் சிரித்துவிட்டார். “பக்கத்துக் குப்பத்தோட சண்டை, அண்ணாத்த. கேஸுக்கு ஒரு ஆள் வேணும்னு போலீசு கேட்டுச்சி. அடிச்சவனுக்குக் கைக்குழந்தை கீது, நீ போடான்னு பஞ்சாயத்துல இவன அனுப்பிட்டாங்க. சண்ட அன்னிக்கு இவன் செங்கல்பட்டுல சினிமா பாத்துகினு இருந்தான்!”

“படமாச்சும் நல்லா இருந்துச்சா?” என்றேன்.

“சுமார்தான் மாமா.”

பெண்ணைக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறாள்.

இப்போது இளையவளுக்கு வரன் பார்க்கிறேன். கேஸ் இருக்கிறதா என்று கேட்பதோடு நான் விடுவதில்லை. ஒரு கேஸும் இல்லாத பையன் என்றால், அவனுக்குப் பதிலாக யாராவது உள்ளே போனார்களா என்றும் விசாரிக்கிறேன்.