உம்மாமாரிடம் இருந்த கடவுச்சொல்

பரீது நானா மவுத்தான செய்தி பாலாவியில் உள்ள என் கணினித் திருத்தக் கடைக்கு வந்தபோது நண்பகல் லுஹர் தொழுகை முடிந்திருந்தது. மடிக்கணினி கொண்டுவந்த ஒருவர் கைபேசியைப் பார்த்துவிட்டு, "இன்னாலில்லாஹி... எத்தாளை பரீது நானா மவுத்தாகிட்டாராம்" என்றார். இனி எத்தாளை ஊர்க் கணினிகளெல்லாம் என்னிடம்தான் வரும் என்பதே முதலில் என் மனதில் ஓடியது. அவர் இறந்த துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அவரை அறிந்த, இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும் உங்களிடம் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

கடை வைத்திருந்தவன் நான். அவர் உப்பளத்தில் கிளார்க். மாலை அசர் தொழுகைக்குப் பிறகு சைக்கிளில் வீடு வீடாகப் போய்க் கணினி திருத்துவார். ஆனாலும் பெயர் அவருக்குத்தான். எந்த வீட்டுக் கணினியிலும் இரண்டு கணக்குகள் வைப்பார். அன்றாடப் பாவனைக்கு ஒன்று. புதிதாக எதையும் நிறுவ, நிர்வாகி உரிமையுள்ள இன்னொன்று. அதன் கடவுச்சொல்லை அந்த வீட்டு உம்மாவிடம் மட்டும் கொடுப்பார்.

"வாசலுக்கு ஆள் வந்தா யாரு, எவருன்னு கேக்கிறது அவங்கதானே. இதையும் அவங்களே கேக்கட்டும்" என்பார்.

நானோ எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடுத்து அனுப்பினேன். மாதா மாதம் வைரஸோடு திரும்பி வந்தார்கள். "உன்ட கடையில எப்பவும் சனம்தான்" என்று அவர் சிரித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருமுறை கண்டக்குழியில் ஒரு டீச்சர் தன் கணினி மெதுவாக ஓடுகிறது என்றார். இலவசமாகக் கிடைத்த துப்புரவு மென்பொருள் ஒன்றை, எச்சரிக்கையை வாசிக்காமலே 'ஆம்' என்று அழுத்தி, டீச்சரைக் கடவுச்சொல் தட்டவைத்து, நிர்வாகி உரிமையோடு ஓடவிட்டேன். மகளின் நிக்காஹ் படங்கள் எல்லாம் அழிந்துபோயின. டீச்சர் அழுதுவிட்டார். பரீது நானா வந்து, தான் முன்பே எடுத்து வைத்திருந்த பிரதியிலிருந்து படங்களைப் போட்டுக் கொடுத்தார். "பழைய டிஸ்க் டீச்சர், யார் தொட்டாலும் போயிருக்கும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். காப்பாற்றியதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு மாதம் அவரோடு கதைக்கவேயில்லை.

ஜனாஸா அடக்கம் முடிந்து வந்து, இதை எழுதுவதற்காக வீட்டுக் கணினியில் தமிழ் விசைப்பலகையை நிறுவப் பார்த்தேன். கடவுச்சொல் கேட்டது. மனைவியைக் கூப்பிட்டு, "இதுக்கு யார் பாஸ்வேர்ட் போட்ட?" என்றேன்.

"பரீது நானாதான். இதைத் திருத்தித் தரச் சொன்னா நீங்க மூணு மாசமா நாளைக்கு, நாளைக்குன்னு சொன்னீங்க. அவர் ஒரு நாள்ல செஞ்சி தந்த. உங்களுக்குச் சொல்ல வேணாமாம், மனசு நோவுமாம்."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையை இழுத்துப் போட்டாள். "என்ன இது? எங்கிருந்து எடுத்த? கட்டாயம் வேணுமா?" எனக் கேட்டாள். தொழில்காரனான நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு ஒரு கையால் மறைத்துக்கொண்டு கடவுச்சொல்லைத் தட்டினாள்.

இப்போது என் கடையிலிருந்து போகும் கணினிகளிலும் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. கேட்பவர்களிடம், இது பரீது நானாவின் முறை என்று சொல்கிறேன். சொல்லும்போது இன்னமும் வயிறு எரிகிறது. என் வீட்டுக் கடவுச்சொல்லைக் கேட்டால் மனைவி தந்துவிடுவாள். நான் கேட்கவில்லை. அவர் போட்டது அப்படியே இருக்கட்டும்.