மைனஸ் இருபதில் உறைந்த கதவு

மே மாதத்துச் சனிக்கிழமை மதியம். அடையாறில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். நானும் என்னுடன் வேலை பார்க்கும் தோழியும் மட்டும் குளிர் அறைக்குள் இருந்தோம். தென்துருவக் கடலிலிருந்து கப்பலில் வந்த பனிப்பாறைத் துண்டுகளை உருளைகளாக அறுத்து, இயந்திரத்தில் அழுத்தி, எவ்வளவு பாரம் தாங்குகின்றன என்று பார்ப்பது எங்கள் வேலை.

பனி எப்போதும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. உருகும் நிலைக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாக அழுத்தினால் பிதுங்கி, வெளுத்து, விட்டுக்கொடுத்துவிடும். குளிர் ஏற ஏற அதன் வலுவும் ஏறும். ஆனால் உடையும்போது சொல்லாமல் கொள்ளாமல் வெடித்துச் சிதறும். அன்று அறை மைனஸ் இருபது டிகிரியில் இருந்தது. உருளை உடைந்த ஒவ்வொரு முறையும் நான் திடுக்கிட்டேன்.

கடைசி உருளையும் உடைந்ததும் பசிக்கிறது, போகலாம் என்றாள் தோழி. அந்தக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். உள்ளிருந்து திறக்க ஓர் இரும்புக் குமிழ் உண்டு. அழுத்தினால் அதன் தண்டு கதவின் துளை வழியாகப் போய் வெளித் தாழ்ப்பாளைத் தள்ளும். அழுத்தினேன். அசையவில்லை. இருவரும் தோள் கொடுத்துத் தள்ளியும் அசையவில்லை.

காலையிலிருந்து கதவைத் திறந்தபோதெல்லாம் உள்ளே வந்த காற்றின் ஈரம் அந்தத் துளையில் பனியாக உறைந்து போயிருந்தது. அவசர மணியை அழுத்தினோம். அது வெளியே ஒலிக்கிறதா என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. வாசலில் இருக்கும் காவலாளிகூட வரவில்லை. தகடு அடித்த சுவர்களுக்குள் செல்போனில் சிக்னல் இல்லை. குளிரை நிறுத்தும் சுவிட்சும் வெளியேதான். மின்விசிறி இரைச்சலில் எங்கள் கத்தல் எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

இயந்திரத்தின் பக்கத்தில் கிடந்த ஓர் இரும்புத் தகட்டை எடுத்துக் குமிழைச் சுற்றி ஓங்கி அடித்தேன். மேலே படிந்திருந்தது மட்டும் தெறித்தது. துளைக்குள் நாலு பக்கமும் அடைபட்டுக் கிடந்த பனி இம்மியும் நகரவில்லை. அடைபட்ட பனி எவ்வளவு வலுவானது என்று என் அறிக்கைகளில் நானே எழுதியிருக்கிறேன்.

திரும்பிப் பார்த்தால் தோழி சுவரோரம் குந்தியிருந்தாள். கைகளால் வயிற்றைப் பொத்தியிருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"நான் மாசமா இருக்கேன்டி. வீட்ல அவருக்கு மட்டுந்தான் தெரியும்."

அதுவரை எனக்காகப் பயந்துகொண்டிருந்தேன். அந்தப் பயம் போய் வேறு பயம் வந்தது. தகட்டைக் கீழே போட்டேன்.

விரிசல்களைப் படமெடுக்க நாங்கள் வைத்திருந்த பழைய ஹாலஜன் விளக்கு கண்ணில் பட்டது. தொட்டால் சுடும் என்பதால் எப்போதும் அதைத் திட்டிக்கொண்டே இருப்போம். இழுத்து வந்து, விளக்கின் கண்ணாடி இரும்புக் குமிழில் படும்படி பிடித்தேன். இரும்பு சூடேறினால் அந்தச் சூடு தண்டு வழியாகத் துளைக்குள்ளும் போகும். முழுக்க உருக வேண்டாம், இளகினால் போதும். தோழி எழுந்து வந்து தன் குளிர் ஜாக்கெட்டின் முனையால் விளக்கையும் குமிழையும் சேர்த்து மூடிப் பிடித்தாள். "மாதாவே, மாதாவே" என்று அவள் பல் கிட்டிக்க முணுமுணுத்தது என் காதோரம் கேட்டது. பல்பு பட்டென்று போய்விட்டால் என்ன செய்வது என்பதைத் தவிர வேறு எதுவும் என் மனதில் ஓடவில்லை.

குமிழின் அடியில் ஒரு சொட்டு நீர் தொங்கியது. இன்னும் கொஞ்சம் பொறு என்றேன். பிறகு இருவரும் சேர்ந்து உள்ளங்கையால் குமிழை அழுத்தினோம். முதலில் ஒன்றுமில்லை. அடுத்து, ஈர மணலில் குச்சி இறங்குவதுபோல, தண்டு மெல்ல உள்ளே போனது.

தாழ்வாரத்துச் சூடு முகத்தில் அறைந்தது. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று சாயங்காலமே பெசன்ட் நகரில் அவள் பார்க்கும் டாக்டரிடம் போனோம். அவள் கணவர் வந்து சேரும்வரை நான் ஸ்கேன் அறை வாசலில் நின்றேன். அவள் உள்ளே போனபின் சத்தமில்லாமல் கழிந்த ஒவ்வொரு நொடியும் எனக்கு அந்தக் கதவாகவே இருந்தது. கடைசியில் அவளே வெளியே வந்து, "துடிப்பு நல்லா இருக்காம்டி" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

திங்கட்கிழமை கதவுச் சட்டத்தில் சூடேற்றும் கம்பி பதிக்க ஆட்கள் வந்தார்கள். வேலை முடிந்து, குமிழை அழுத்திக் காட்டி, உள்ளே போய்ப் பாருங்கள் மேடம் என்றார்கள். நான் காவலாளியைக் கூப்பிட்டு வெளியே நிற்கச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அவர் அங்கே நிற்பதைப் பார்த்த பிறகும் என் கால் அந்த வாசலைத் தாண்ட வெகு நேரம் மறுத்தது.