அஜுமாவின் இடது காது

பாரிஸ்டர் அஜுமா ஒக்போலேயின் இடது காது மூன்று தேர்தல்களில் நின்றிருக்கிறது. மூன்றிலும் ஜெயித்தது வேறு ஆட்கள்.

வக்கீல்களின் தேசியச் சங்கத்துக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தலைவர் தேர்தல் வரும். தேதி அறிவிக்கும் வரை பிரசாரம் செய்யக் கூடாது என்பது விதி. வேட்பாளர்கள் விதியை மதிப்பவர்கள். அதனால் பிரசாரம் செய்யாமல் துக்கம் விசாரிக்க வருவார்கள். லாகோஸிலிருந்து விமானம் பிடித்து, அப்புறம் குண்டும் குழியுமான சாலையில் ஐந்து மணி நேரம் காரில் குலுங்கி, பெனுவே ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு வந்து, பேர்கூடத் தெரியாத ஒரு மூதாட்டியின் சவப்பெட்டிக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். மூதாட்டியின் மகன் உள்ளூர் கிளைச் சங்கத்தின் பொருளாளராக இருப்பான். தேர்தல் இல்லாத வருஷத்தில் வக்கீலின் தாயார் செத்தால் ஒரு ஆடு. தேர்தல் வருஷத்தில் செத்தால் நான்கு மாடு. புத்தியுள்ள தாய்மார்கள் பொறுத்திருந்து செத்தார்கள்.

அப்படிப்பட்ட ஒரு வருஷத்தில், மழை பிடித்த ஒரு வியாழக்கிழமை, அஜுமா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். மோட்டார் சைக்கிள் டாக்ஸி ஓட்டும் ஒருவனை உள்ளே வைத்திருந்தார்கள். என்ன குற்றம் என்று கேட்டதற்கு யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். ஜாமீனுக்கு இவ்வளவு ஆகும் என்று ஒரு தொகை மட்டும் யோசிக்காமலே வந்தது. கவுன்ட்டருக்குப் பின்னால், சுவரில் தொங்கிய பலகையில், நீல எழுத்தில் ‘ஜாமீன் இலவசம்’ என்று எழுதியிருந்தது. அஜுமா அதை உரக்கப் படித்தாள். அவ்வளவுதான் செய்தாள். ஸ்டேஷன் அதிகாரி ஃபிடெலிஸ் எட்டிம் கவுன்ட்டரைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் இடது கன்னத்தில் அறைந்தான். அறை காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அந்தக் காதில் எதுவும் விழவில்லை.

கிளைச் சங்கம் ஒரு நாள் கோர்ட்டைப் புறக்கணித்தது. சனிக்கிழமை, பொருளாளரின் தாயார் அடக்கத்துக்கு வந்த முதல் வேட்பாளர் ஆஸ்பத்திரிக்கும் வந்தார்.

“தங்கச்சி, நீ தனியா கேஸ் போடாதே. அவனுங்க உன்னை ஊதித் தள்ளிடுவானுங்க. நான் தலைவரானதும் சங்கத்து பேர்ல நானே போடறேன். பட்டு அங்கி போட்ட பெரிய வக்கீலுங்க இருபது பேரைக் கூட்டிட்டு வந்து ஆஜராவேன்.”

அஜுமா நம்பினாள். அரசு ஊழியர் மேல் நஷ்டஈடு கேட்க மூன்று மாதம்தான் கெடு. அதைக் கட்சிக்காரர்களுக்கு அவளே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். தாமதமாக வந்தவர்களை ‘இத்தனை நாள் எங்கே போயிருந்தீங்க’ என்று திட்டியும் இருக்கிறாள். தொண்ணூறாம் நாள் அவள் காலண்டரைப் பார்த்தாள். வேட்பாளருக்குப் போன் செய்தாள். இன்னும் இரண்டே வாரத்தில் ஓட்டெடுப்பு என்றார். அவர் ஜெயித்தபோது அவள் வழக்கு காலாவதியாகி பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. இந்தத் தப்பைச் செய்ய ஒரு வக்கீலால்தான் முடியும். மற்றவர்கள் வக்கீலை நம்பமாட்டார்கள்.

மிச்சம் இருந்தது ஒரு கடிதம். தேசியத் தலைவர் தன் கையெழுத்தோடு, சங்கத்தின் தாளில், போலீஸ் ஆணையத்துக்கு ஒரு பக்கம் எழுதினால் எட்டிம் மேல் விசாரணை தொடங்கும். அதைத் தட்டிக்கழிக்க முடியாது. தலைவருக்குச் சிரமம் வேண்டாம் என்று அந்தக் கடிதத்தை அஜுமாவே டைப் செய்தாள். தேதிக்கும் கையெழுத்துக்கும் மட்டும் இடம் விட்டாள். முதல் தலைவர் இரண்டு வருஷம் அதைப் ‘படித்துக்கொண்டே’ இருந்தார். ஒரு பக்கக் கடிதம். மெதுவாகப் படிப்பவர் போலிருக்கிறது.

இரண்டாவது வேட்பாளர் புகைப்படக்காரரோடு வந்தார். ஜன்னல் வெளிச்சம் வலப்பக்கம் நன்றாக விழுந்ததால் அவள் வலது காதைத்தான் படம் பிடித்தார்கள். முப்பத்தாறு மாநிலங்களுக்கும் அந்தப் படம் போனது. அதற்குப் பிறகு கோர்ட்டில் பார்க்கிற வக்கீல்கள் அவள் இடப்பக்கம் வந்து நின்று, “இந்தக் காது நல்லாத்தானே இருக்கு மேடம்?” என்று குசுகுசுத்தார்கள். அவளுக்கு அது கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். இரண்டாமவரும் ஜெயித்தார். கடிதம் ‘நடவடிக்கையில்’ இருந்தது.

இந்த நான்கு வருஷத்தில் ஒரே ஒருவன்தான் உருப்படியாக முன்னேறினான். எட்டிம் ஏற்கெனவே பாதியில் இருந்த பகுதிநேரச் சட்டப்படிப்பை முடித்தான், அபுஜா சட்டப்பள்ளியில் ஒரு வருஷம் உட்கார்ந்தான், பாரிஸ்டராகிவிட்டான். போலீஸ் தரப்பு வக்கீலாக அதே ஊருக்கு மாற்றலாகி வந்தான். முதல் கிளைக் கூட்டத்தில், வழக்கப்படி புது உறுப்பினர்கள் எழுந்து, பெயரும் பதிவான வருஷமும் சொல்ல வேண்டும். பஞ்சு மாதிரி வெள்ளை வெளேரென்ற புது வக்கீல் விக்கோடு எட்டிம் எழுந்து சொன்னான். பிறகு அஜுமாவிடம் வந்து இடுப்பை வளைத்துக் குனிந்தான்.

“காலை வணக்கம், சீனியர். பையைக் குடுங்க, நான் எடுத்துட்டு வரேன்.”

வக்கீல் தொழிலில் வயசு கணக்கில்லை, பதிவான வருஷம்தான் கணக்கு. அவள் அவனுக்குப் பதினாறு வருஷம் மூத்தவள். ஜூனியர் பை தூக்குவது மரியாதை. அஜுமா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“என்ன மேடம், சின்னப் பையன் மரியாதை பண்றான், குடுங்களேன்” என்றார் கிளைத் தலைவர் ஒடே அகாபு. சின்னப் பையனுக்கு நாற்பத்தொன்பது வயசு.

மூன்றாவது வேட்பாளர் சீஃப் ஒலாடிப்போ. பட்டு அங்கிக்காரர், குரலில் வெண்ணெய். அஜுமாவின் அலுவலகத்தில் இரண்டு நாற்காலிகள் உண்டு. இடப்பக்க நாற்காலி, யார் பேச்சை அவள் கேட்டே ஆகவேண்டும் என்றில்லையோ அவர்களுக்கு. சீஃபை அவள் வலப்பக்கம் உட்காரவைத்தாள். பிசுபிசுவென்று நூல்விடும் ஒகோஹோ குழம்பும் இடித்த வள்ளிக்கிழங்கும் வரவழைத்தாள். அவர் நூலறாமல் அள்ளிச் சாப்பிட்டபோதே இவர் கொஞ்சம் வேறு மாதிரி என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. சாப்பிடத் தெரிந்தவனை நம்பிவிடுவது அவள் பலவீனம்.

“நூறு நாளைக்குள்ள கடிதம் போகும். இல்லேன்னா என் வாசல்ல வந்து உக்காரு தங்கச்சி.”

“இப்பவே கையெழுத்து போடுங்க சீஃப். தேதிய நான் அப்புறமா போட்டுக்கறேன்.”

அவர் சிரித்தார். “நாற்காலில உக்காராதவன் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? முதல்ல உக்கார வை.”

உட்கார வைக்க அவள் புறப்பட்டாள். பதினோரு கிளைகளுக்கு அவரோடு போனாள். மேடையில் ஏறிக் கதையைச் சொல்வாள். நீல எழுத்துப் பலகையில் கொஞ்சம் நிறுத்துவாள். ‘நான் அதைப் படிச்சேன்’ என்பாள், மறுபடி நிறுத்துவாள். சபையில் யாராவது ‘அடப்பாவிகளா’ என்பார்கள். ஏழாவது ஊரில் யாரும் சொல்லவில்லை. அவள் நிறுத்தியபடியே நின்றாள். அந்த ‘அடப்பாவிகளா’வுக்காகத் தான் காத்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கு ஹோட்டல் அறையில் கண்ணாடியைத் துணி போட்டு மூடிவைத்தாள்.

ஓட்டெடுப்புக்கு ஒரு மாதம் முன்னால் கிளை விருந்து. கறுப்பு உடை, நீள மேஜை, ஜொலோஃப் சோறு, காட்டு இறைச்சி. வக்கீல் விருந்தில் ஒரு விளையாட்டு உண்டு. யாராவது எழுந்து இன்னொருவர் மேல் புகார் சொல்லலாம். டை கோணல், சீனியருக்கு முன்னால் தண்ணீர் குடித்தான், இந்த மாதிரி. தலைமை தாங்குபவர் அங்கேயே தீர்ப்பு சொல்வார், அபராதம் மதுவாக வரும். அன்றைக்குத் தலைமை சீஃப் ஒலாடிப்போ. அவர் காரிலிருந்து எட்டிமும் இறங்கினான். நாடு முழுக்க உள்ள போலீஸ் வக்கீல்களின் குழுவுக்கு அவன் செயலாளராகியிருந்தான். அந்தக் குழுவில் ஆயிரத்து நானூறு ஓட்டு.

சோறு முடிந்ததும் ஒடே அகாபு எழுந்தார். அவர் இருந்தது அஜுமாவின் இடப்பக்கம். அவர் வாய் அசைவது அவளுக்கு அரைகுறையாகத் தெரிந்தது. எட்டிம் எழுந்தான், தலைகுனிந்தான். மேஜை முழுக்கச் சிரிப்பு. சீஃப் கரண்டியால் தம்ளரைத் தட்டி ஏதோ சொன்னார். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. எல்லோரும் அவளைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

வலப்பக்கம் இருந்தவரிடம் திரும்பி, “என்னங்க நடக்குது?” என்று கேட்டாள்.

“அட, உங்க கேஸுதான் மேடம். சீனியர் மேல கைய ஓங்கினதா புகார். அவன் குத்தத்த ஒத்துக்கிட்டான். ரெண்டு பெட்டி ஒயின் அபராதம். அப்புறம் உங்க பையைக் கார் வரைக்கும் தூக்கிட்டு வரணும்.”

நான்கு வருஷ வழக்கின் தீர்ப்பு அவளுக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் மூலமாகத்தான் வந்து சேர்ந்தது. ஒயின் நன்றாக இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். எட்டிம் பின்னாலேயே வந்து, காருக்குப் பக்கத்தில், பையின் ஒரு வாரைப் பிடித்துக்கொண்டான்.

“சீனியர், அன்னிக்கு என் பொண்ணு ஆஸ்பத்திரில இருந்தா. மேலிடத்துல வேற…”

அவள் இடது காதை அவன் பக்கம் திருப்பினாள். அவன் வெகுநேரம் பேசினான். முடித்துவிட்டான் என்று தெரிந்ததும் கார்க் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் எல்லார் போனிலும் ஒரு சுவரொட்டி. சீஃபின் சிரித்த முகம், கீழே பெரிய எழுத்தில்: ‘நான்கு ஆண்டு கிடந்த நீதி – ஒரே மாலையில்.’ அஜுமா அவருக்குப் போன் போட்டாள்.

“சீஃப், கடிதம்?”

“எதுக்குக் கடிதம்? அவன் இப்ப நம்ம உறுப்பினர் தங்கச்சி. உறுப்பினர் மேலயே சங்கம் எப்படிப் போலீஸுக்கு எழுதும்?”

“எழுதறேன்னு நான் போட்ட சோத்துல கைய வச்சுக்கிட்டே சொன்னீங்க.”

“சொன்னேன், மறுக்கல. ஆனா தண்டனை குடுத்தாச்சே. ஒரே குத்தத்துக்கு ரெண்டு தடவை தண்டிக்கலாமா? நீயும் வக்கீல்தானே.”

ஓட்டுப் போடும் நாளில் கோர்ட்டு வளாகத்து மாமரத்தடியில் நின்று, போனைத் திறந்தாள். மூன்று பெயர்கள். சீஃபுக்குப் போடவில்லை. அவளுக்கு யாரென்றே தெரியாத ஒருவருக்குப் போட்டாள். அவர் எங்கேயும் துக்கம் விசாரிக்க வரவில்லை, அது ஒன்றுதான் காரணம். ராத்திரி முடிவு வந்தது. அவள் மேடையேறிய பதினோரு கிளைகளிலும் சீஃபுக்குத்தான் அதிக ஓட்டு. அவள் ஒரு ஓட்டால் எதிர்த்தவரை, அவள் பேச்சு சில ஆயிரம் ஓட்டால் ஜெயிக்கவைத்திருந்தது.

தொண்ணூற்றெட்டாவது நாள் கடிதம் வந்தது. சங்கத்தின் தாள், தங்க நிற முத்திரை, தேசியத் தலைவரின் நீல மைக் கையெழுத்து. போலீஸ் ஆணையத்துக்கு அல்ல, அவளுக்கு. ‘காவலர்–வழக்கறிஞர் நல்லுறவுக் குழு’வின் துணைத் தலைவராக அவளை நியமிப்பதில் மகிழ்ச்சியாம். குழுவின் தலைவர்: பாரிஸ்டர் ஃபிடெலிஸ் எட்டிம்.

இரண்டாகக் கிழிக்க மடித்தாள். அப்போது ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். டயர் ஒட்டும் கடைக்காரனின் மனைவி. அவனை முந்தாநாள் பிடித்துக்கொண்டு போனார்களாம். சாப்பாடுகூட உள்ளே விடவில்லையாம்.

“ஆஸ்துமா இருக்கு பாரிஸ்டர். மருந்தைக்கூட வாங்கி வச்சுக்கிட்டாங்க.”

அஜுமா மடித்த கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

ஸ்டேஷனில் அதே கவுன்ட்டர். பின்னால் அதே பலகை, புதுசாக நீலம் பூசியிருந்தார்கள். கான்ஸ்டபிள் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

“என்ன விஷயம் மேடம்? இன்னிக்கு பெரிய அதிகாரி ஓகா இல்ல, திங்கக்கிழமை வாங்க.”

திங்கட்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. உள்ளேயிருந்து ஒருவன் மூச்சுக்குத் திணறும் சத்தம் அவளுடைய நல்ல காதில் கேட்டது.

அவள் பலகையைப் படிக்கவில்லை. பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். மடிப்பை நீவி கவுன்ட்டரில் வைத்தாள். கான்ஸ்டபிள் முத்திரையைப் பார்த்தான், விரலை வரியில் ஓட்டிக்கொண்டே வந்தான், எட்டிமின் பெயரில் விரல் நின்றது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நாற்காலி எடுக்க ஓடினான்.

பத்து நிமிஷத்தில் டயர்க்கடைக்காரன் வெளியே வந்தான். ஒரு காசு கேட்கவில்லை. அவன் மனைவி அஜுமாவின் காலைத் தொட்டாள். கான்ஸ்டபிள் கடிதத்தை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான்.

“இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா உங்கள நிக்க வச்சிருப்பேனா மேடம்? எட்டிம் சாரோட ஆளுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

இதை அவன் அவளுடைய வலப்பக்கம் நின்று சொன்னான். ஒரு எழுத்து விடாமல் கேட்டது. அவள் கடிதத்தை மறுபடியும் மடித்தாள். கிழிக்கவில்லை. ஈரம் படாமல் இருக்க, பிளாஸ்டிக் உறைக்குள், கையெழுத்தில்லாத தன்னுடைய பழைய கடிதத்துக்கு மேலாக வைத்துப் பையை மூடினாள்.